கடைசி சைக்கிளுக்கு முன்னால்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வால் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் மட்டும் காய்ப்பு ஏறியிருக்கிறது. உன் இருமல் குறைந்ததா? ஆஸ்பத்திரி சலவை அறையில் நாள் முழுக்க சோடாத்தூள் ஆவியில் நின்றால் இருமல் வராமல் என்ன செய்யும். மூக்கில் துணி கட்டிக்கொள் என்று நான் சொன்னால் கேட்கவா போகிறாய்.

போன் பண்ணச் சொல்கிறாய். போன் முதலாளி மேசையில் இருக்கிறது. சுற்றி எப்போதும் நாலு பேர். அங்கே நின்று பேச எனக்கு வாய் வராது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் ஒன்பதாவதோடு நின்றேன். எழுது என்றால் எழுதுவேன்.

வேலை பழகிவிட்டது. இந்த ஆற்றங்கரை நெடுக ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. மூட்டுவலிக்காரர்கள்கூட சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லித்தான் விடுதிக்கு ஆள் சேர்க்கிறார்கள். காலையில் கிளம்பி, படகுத்துறை, மதகு, பம்பு ஷெட் என்று மெதுவாகப் போய், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். முதலாளி முன்னால் போவார். நான் பஞ்சர் பெட்டியோடு கடைசியில். அதனால்தான் எனக்கு வால் என்று பெயர். யாருடைய சைக்கிளாவது மக்கர் பண்ணினால் அதை ஒரு கையால் இழுத்துக்கொண்டே என் சைக்கிளை இன்னொரு கையால் ஓட்டுவேன். அது எனக்கு நன்றாக வரும்.

காலையில் பனி இறங்கினால் பத்தடி தெரியாது. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மதகு வந்ததும் முதலாளி ஒரு பெல் அடிப்பார். அடுத்து வருகிறவர் ஒன்று, அவருக்கு அடுத்தவர் ஒன்று, இப்படியே வந்து கடைசியில் நான் இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தால் நிற்காமல் போவோம். யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாம். எனக்காகவே செய்த வழக்கம் மாதிரி இருக்கிறது.

ஒரு மாதம் தங்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு உன் வயதுதான் இருக்கும். எனக்கு நேர் முன்னால் ஓட்டுகிறவர் அவர். அவருடைய சீட்டை அந்த ஆள் ரொம்ப உயரத்தில் வைத்திருக்கிறார். கால் தரையில் எட்டாது. நிற்க வேண்டுமென்றால் அந்த ஆள் வந்து சைக்கிளைப் பிடித்தால்தான் உண்டு. நேற்று சாயங்காலம் ஸ்பேனர் போட்டு இறக்கி வைத்தேன். இன்று காலையில் பார்த்தால் பழையபடி மேலே இருக்கிறது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.
உன் வால்


ஜனவரி 21

என் ஊமைக் கழுதைக்கு,

அக்கா எழுதுவது. இருமலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறோம். உன் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

உன் கடிதத்தை இங்கே மேஸ்திரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எழுத்தைப் பாத்தா வாயாடின்னுல்ல நெனப்பாங்க" என்றாள். "நேர்ல கூட்டிட்டு வரேன், ஒரு வார்த்தை வாங்கிடுங்க பாப்போம்" என்று பந்தயம் கட்டியிருக்கிறேன்.

சீட்டு விஷயத்தில் நீ தலையிடாதே. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போய் நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து உன்னைத்தான் முறைப்பார்கள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இரு என்று சொல்லலாம். அது உன்னால் ஆகாது. நீ சர்க்கரை திருடித் தின்றால் அம்மா வாயைப் பார்க்கவே மாட்டாள், உன் நெற்றியைப் பார்த்தே அடிப்பாள்.

பத்திரமாக இரு. குளிரில் காதை மூடிக்கொண்டு ஓட்டு.
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படித்ததும் இதை பாய்லரில் போட்டுவிடு. படகுத்துறைத் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். உன் பதில் முதலாளி மேசைக்குத்தான் வரும். அந்த அக்காவின் புருஷன் இப்போது நாள் முழுக்க அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் அனுப்பியதைப் பார்சல் என்று மட்டும் எழுது. நான் புரிந்துகொள்வேன்.

தலையிடாமல்தான் இருந்தேன். போன வாரம் அந்த அக்காவின் இரண்டு விரலில் கட்டு. "விழுந்துட்டா, பேலன்ஸ் பத்தாது" என்று அந்த ஆளே எல்லாரிடமும் சொன்னார். சைக்கிளிலிருந்து விழுந்தால் பின்னால் வருகிற எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வால், கடைசி ரெண்டு பெல்லும் நீதான?"

"ம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு அடிக்கிறது நான்."

"ம்."

"மூணையும் ஒரே ஆள் அடிச்சா முன்னால போறவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன். அக்கரையில் உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எனக்கு உன்னை விட்டால் யாரைத் தெரியும். உன் அறைக்கு வழி சொன்னேன்.

முந்தாநாள் நல்ல பனி. வழி பார்க்க முன்னால் இரண்டு பேர் வேண்டும் என்று முதலாளி அந்த ஆளைத் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டார். படகுத்துறையில் நான் சைக்கிளைப் பிடித்தேன், அந்த அக்கா இறங்கினார். "நிக்காத, போய்ட்டே இரு" என்றார். தண்ணீருக்குப் போகிற படியில் நாலு படி இறங்கும் வரை தெரிந்தார். அப்புறம் பனிதான். நான் அவருடைய சைக்கிளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஓட்டினேன். மதகில் பெல் வரிசையாக வந்தது. இழுத்து வந்த சைக்கிளின் பெல்லைக் கட்டைவிரலால் ஒரு தடவை அடித்தேன். என்னுடையதை இரண்டு தடவை அடித்தேன். முன்னால் யாரும் நிற்கவில்லை.

பம்பு ஷெட்டுக்குள் அந்தச் சைக்கிளோடு போக முடியுமா? அதற்கு முன்பே கரையிலிருந்து இறக்கி நாணலுக்குள் சாய்த்துவிட்டேன். முன் சக்கரம் தண்ணீரில் கிடந்தது. அதைப் பார்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, அக்கா.

அந்த அக்கா இதற்குள் உன்னிடம் வந்திருப்பார். குடிக்கச் சூடாக ஏதாவது கொடு. உடனே ஒரு வரி எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
வால்


பிப்ரவரி 11

தங்கைக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பியதாகச் சொன்ன பார்சல் இங்கே வரவில்லை. வாசலில் விசாரித்தேன், பக்கத்து அறைகளிலும் விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லையாம். இனிமேல் என்னைக் கேட்காமல் இப்படி எதையும் அனுப்பாதே.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலாளி என் கையில் கொடுத்தபோது அந்த ஆள் நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன். "வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா, வால்?" என்று கேட்டார். அந்தக் குரலில் எத்தனை கரிசனம் தெரியுமா. இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். அவர் எதிரில் தின்ன வேண்டியதாயிற்று.

சைக்கிள் கிடைத்துவிட்டது. முன் சக்கரம் தண்ணீரில் இருந்ததால், அந்த அக்கா கால் எட்டாமல் தடுமாறி ஆற்றில் விழுந்துவிட்டார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மதகில் பெல் வந்தது, அதனால் மதகு வரை வந்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பம்பு ஷெட் பக்கமே படகுகள் போட்டுக் கொக்கி வீசித் தேடுகிறார்கள். படகுத்துறைப் பக்கம் யாரும் போகவே இல்லை. படகுக்காரரிடம் கேட்டதற்கு, "பனியில யார் ஏறினா, யார் இறங்கினா, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

நான் நாலு படிதானே பார்த்தேன். அந்தப் படியில் பாசி. ஐந்தாவது படியில் வழுக்கியிருந்தால்? அவர் அங்கே விழுந்து கிடக்க, நான் பெல் அடித்து எல்லாரையும் வேறு இடத்தில் தேட வைத்திருந்தால்? ஓட்டும்போது தண்ணீர்ப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இந்தத் தட்டையான கரையில் கண்ணை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த அக்காவின் அம்மா வந்திருக்கிறார். பம்பு ஷெட் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறார். அழுகிறார், நிறுத்துகிறார், திரும்ப அழுகிறார். நாங்கள் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இன்னொரு தடவை நன்றாக விசாரி. உன் இருமலைப் பற்றியும் எழுது.
வால்


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மற்றபடி நலம்.

போன வாரம் ஆற்றின் கீழ்ப்பக்கம் வலைக்காரர்களுக்கு ஒரு பச்சைத் தொப்பி கிடைத்தது. அந்த அக்காவுடையதுதான். காற்றில் பறந்து விழுந்திருக்கலாம், இல்லையா? படகில் போகும்போதுகூட விழுந்திருக்கலாம். நீயாவது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லு.

அந்த ஆள் ஊருக்குப் போகவில்லை. தினமும் எங்களோடு சைக்கிளில் வருகிறார். எங்கே ஓட்டுகிறார் தெரியுமா? எனக்கு நேர் முன்னால். அவர் மனைவி ஓட்டிய இடத்தில். நான் மெதுவாகப் போனால் அவரும் மெதுவாகப் போகிறார். வளைவு இருந்தால் ஒரு நிமிஷமாவது மறைவார். இந்தக் கரையில் வளைவே கிடையாது. மணிக்கணக்காக அந்த முதுகு என் எதிரிலேயே இருக்கிறது.

நேற்று மதகில் பெல் அடித்துவிட்டுத் திரும்பி, "அன்னைக்கும் இப்படித்தான கேட்டுச்சு? இதே மாதிரி, இவ்வளவு நெருக்கமா?" என்றார். நான் குனிந்து செயினைப் பார்த்தேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மூணும் ஒட்டி ஒட்டி வந்துச்சு. ரெண்டு பேரும் அவ்வளவு கிட்டயா ஓட்டுவீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவர் என் நெற்றியைப் பார்க்கிறார், அக்கா.

தயவு செய்து எழுது.
வால்


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

அக்கா நலம். இருமல் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

இங்கே பாய்லர் பழுதாகி இரண்டு நாள் எல்லாரும் கையால் துவைத்தோம். மேஸ்திரியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆஸ்பத்திரியில எனக்கே ஒரு கட்டில் போடுங்கடி" என்று ஒரே புலம்பல். மாடியில் புதிதாக ஒரு வார்டு திறந்திருக்கிறார்கள். விரிப்புகள் மலை மாதிரி வருகின்றன.

பார்சல் வரவில்லை. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம். நீ உன் வேலையைப் பார், வாயைத் திறக்காதே. அது உனக்குக் கஷ்டமான காரியம் இல்லையே.

நன்றாகத் தூங்கு.
அக்கா


மார்ச் 17

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க நேரமில்லை. இது தபாலில் வரவில்லை. இன்று ராத்திரியே பால் கேன்களோடு படகில் அக்கரைக்குப் போய், அங்கே பால் வண்டிக்காரர் கையில் சேரும். விடிவதற்குள் உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்துவிடுவார். அந்த ஆளும் அந்த அக்காவின் அம்மாவும் நாளைக்கு ஆள் ஏற்றும் முதல் படகில்தான் கிளம்புகிறார்கள்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அந்த அம்மாவிடம் மட்டும். இன்று பம்பு ஷெட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்து, "குளிருமேடி உனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நானாக ஒருத்தரிடம் போய்ப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"அவங்க இங்க வரவே இல்லம்மா. படகுத்துறையில எறங்கிட்டாங்க. சைக்கிளை நான்தான் கொண்டு வந்து போட்டேன். பெல்லும் நான்தான்."

"உயிரோட இருக்காளா?"

"தெரியல."

பார்சல் வரவில்லை என்று நீ எழுதிவிட்டாயே, நான் வேறென்ன சொல்வது. படகுத்துறைப் பக்கம் தேடச் சொல்லட்டும் என்றுதான் சொன்னேன். அவர் அப்படியே எழுந்தார். சந்தோஷத்தில் அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை போலிருக்கிறது. "மாப்ள, என் பொண்ணு சாகல, படகு ஏறிப் போயிருக்கா" என்று அங்கிருந்தே கத்திவிட்டார்.

அந்த ஆள் கத்தவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு முதலாளியிடம், "இந்தப் பொண்ணுக்கு அக்கரையில யார் இருக்காங்க?" என்று கேட்டார். முதலாளி எதுவும் யோசிக்காமல், "அக்கா ஒருத்தி, ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறா" என்றார். "போலீஸ்ட்ட எதுக்கு, குடும்ப விஷயம், நானே போய்ப் பாத்துக்கறேன்" என்று அந்த ஆள் சொன்னார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, "ரொம்ப நன்றி, வால்" என்றார். என் சைக்கிள் சீட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அக்கா உன்னிடம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் வருவார். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். மேஸ்திரியம்மாவைக் கூட வைத்துக்கொள். என்னை மன்னித்துவிடு.

வால்


மார்ச் 21

என் தங்கைக்கு,

அக்கா நலம். கை கால் எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது. நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இதைப் பால் வண்டிக்காரர் காலி கேனோடு படகில் அனுப்பிவைப்பார். படித்ததும் அடுப்பில் போடு.

அவள் வந்தாள். நீ அனுப்பிய அன்றைக்கே வந்தாள். முழங்கால் வரை நனைந்து, தொப்பி இல்லாமல், உன் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல், "வால் அனுப்பிச்சா" என்று வாசலில் நின்றாள். அன்றிலிருந்து என்னோடுதான் இருந்தாள். விரிப்பு மடிக்கிற இடத்தில் மேஸ்திரியம்மா வேலை போட்டுக் கொடுத்தாள்.

வரவில்லை என்று உனக்கு எழுதியதை நான்தான் யோசித்துச் செய்தேன். அவன் உன் எதிரில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரிந்துவிடும். நீ பயந்து செத்தாலும் பரவாயில்லை, அந்தப் பயம் நிஜமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் அவளிடம் கொடுத்தேன். தொப்பி விஷயத்தைப் படித்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு ஒரு வரியாவது எழுதுங்கக்கா" என்று அழுதாள். நான்தான் எழுதவில்லை. ஆனால் பயத்தில் நீ பேசாமல் இருப்பாய் என்றுதான் கணக்குப் போட்டேன். பயத்தில் நீ பேசுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் காகிதம் விடிவதற்குள் வந்தது. அவள் ஒரு பையோடு கிளம்பிவிட்டாள். எந்தப் பக்கம் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வாயெடுத்தவளையும் தடுத்துவிட்டேன். எனக்கும் நெற்றி என்று ஒன்று இருக்கிறதே.

மதியம் அவனும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவன் செருப்பை வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தான். தலையணையைப் புரட்டினான், டம்ளர்களை எண்ணினான், கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தான். எனக்கு இருமல் வந்தது நல்லதாகப் போயிற்று, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டேன்.

அவன் தேடுவதையே பார்த்துக்கொண்டு அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். அங்கே ஒரு துண்டு கிடந்தது. நாங்கள் துண்டை நாலாக மடிப்போம். அவள் மட்டும் சுருட்டி, நுனியை உள்ளே செருகிவிடுவாள். அவள் அம்மா வீட்டுப் பழக்கமாம். அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை. அந்த அம்மா அதைப் பார்த்தார். கையை அதன் மேல் வைத்தார். நீ சொன்னதைக் கேட்டதும் கத்தியவர் ஆயிற்றே, இதோ கத்தப்போகிறார் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் துண்டை உதறினார். மடியில் போட்டு, நாலாக மடித்தார். ஓரம் சேரவில்லை. திரும்பப் பிரித்து மடித்தார். அவன் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். "இங்க என்ன இருக்கு, மாப்ள? வாங்க போலாம்" என்றார்.

உன் சம்மதம் கேட்காமல் உன்னைத் தவிக்க விட்டேன். திட்டி ஒரு கடிதம் எழுது, படிக்கிறேன்.

கொஞ்சமாவது சாப்பிடு.
அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வால் எழுதுவது. நேற்று இரண்டு வேளை சாப்பிட்டேன். உன் இருமல் உனக்கு உதவியதாக எழுதியிருக்கிறாய், அதற்காக அதை வளர்க்காதே. திட்ட நினைத்து மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். அந்த அக்கா வந்து நின்றார் என்ற வரியைப் படித்ததும் திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. கொட்டகையில் டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

அவர்கள் திரும்பி வந்த அன்று விடுதி முற்றத்தில் எல்லாரும் இருந்தோம். படகை விட்டு இறங்கி வந்ததும் அந்த அம்மா நேரே என்னிடம் வந்தார். என் பின்னல் அவர் கையில் இருந்தது. "பின்னால வந்து பாத்துக்கறதுதானடி உன் வேலை? என் பொண்ணு விழுந்ததைக்கூடப் பாக்காம எங்கடி பராக்குப் பாத்துட்டிருந்த? பழி வந்துடும்னு, அவ படகு ஏறிப் போயிட்டா, பெல்லை நான்தான் அடிச்சேன்னு கதை கட்றியா?" என்று கேட்டார். முதலாளியால் பிரிக்க முடியவில்லை.

அந்த ஆள் கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். எனக்கு அப்போது துண்டைப் பற்றித் தெரியாது, உன் கடிதம் நாலு நாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் அந்தக் கை என் பின்னலை இழுத்ததே தவிர, வலிக்கும்படி இழுக்கவில்லை. அது மட்டும் தெரிந்தது.

"ஆமா, பொய்தான் சொன்னேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பாக்கல."

என் நெற்றி அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. பயந்துபோய்த்தான் இருந்திருக்கும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளும் அப்படித்தானே பயப்படுவாள்.

முதலாளி என்னோடு பேசுவதில்லை. சீசன் முடியும் வரைதான் எனக்கு இங்கே வேலை. வருகிறவர்கள் ஆளை ஆற்றில் விட்ட வால் இதுதான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டுகிறார்கள். அந்த ஆள் இன்னும் போகவில்லை. பாதி நம்புகிறார், பாதி நம்பவில்லை. அந்த அம்மாவும் போகவில்லை. ஆற்றில் தேடுவதை நிறுத்தக் கூடாது என்று படகுக்காரர்கள் காலில் விழுகிறார். பம்பு ஷெட் படியில் முன்னைவிடச் சத்தமாக அழுகிறார். எல்லாம் தெரிந்த எனக்கே சில நேரம் அது நிஜ அழுகையோ என்று தோன்றுகிறது. ஒருவேளை நிஜமாகவே இருக்கலாம். மகள் எங்கே என்று அவருக்கும்தானே தெரியாது.

தினமும் நான் அந்தப் படியைத் தாண்டும்போது தரையைப் பார்த்துத் துப்புகிறார். முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. இப்போது அதற்காகத்தான் காத்துக்கொண்டு ஓட்டுகிறேன். இன்று அந்த ஆள் வழக்கம்போல எனக்கு நேர் முன்னால் போனார். படியருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரொம்பக் களைத்திருந்தார், அக்கா. அந்த முகத்தில் கொஞ்சம் இரக்கம் வந்துவிடும் போலிருந்தது. எனக்குப் பெடல் மிதிக்க முடியவில்லை.

அப்புறம் துப்பினார்.

மூக்கில் துணி கட்டிக்கொள். இதையும் பாய்லரில் போட்டுவிடு.

உன் வால்